முகமில்லாத பேண்டு செட்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவித்த மல்லாட்டைக் கடலை விற்றவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மாவு மில் வைத்தேன், லாரி வாங்கினேன், "இந்தப் பள்ளத்துலயா?" என்று ஊரே சிரித்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்டினேன். இத்தனையும் செய்த எனக்கு, "உனக்குப் பாக்கத் தெரியலண்ணே" என்று சொன்னவன் உலகத்திலேயே ஒருவன்தான். அரைக்கண்ணு பெயிண்டர்.

எதையும் கண்ணைப் பாதி மூடித்தான் பார்ப்பான். விழுப்புரத்தில் ஒரு கறிக்கடை போர்டுக்கு ஆடு வரைந்தான். அதைப் பஞ்சு மெத்தை என்று நினைத்து வந்தவர்கள் தலையணை விலை கேட்டார்கள். கடைக்காரர் கத்தியோடு துரத்தினார். ஓடிக்கொண்டே கத்தினானாம்: "கிட்ட நின்னு பாக்காதீங்க பாய்! தள்ளி நின்னு அரைக்கண்ணால பாருங்க!"

ஆடி மாதம் முகூர்த்தம் இல்லை, மண்டபம் காலி. பேண்டு செட்டுக்காரர்கள் புதுப் பாட்டுப் பழக அங்கேதான் வருவார்கள். "அவங்கள பின்சுவர்ல வரைடா" என்றேன். சிவப்புக் கோட்டு, ஜரிகைத் தொப்பி என்று நான் கனவு கண்டேன். அவன் வரைந்ததோ லுங்கி, பனியன், தோளில் துண்டு. ஒருவருக்கும் முகம் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் மஞ்சள் மஞ்சளாக அப்பியிருந்தான்.

கிளாரினெட் தாஸ் அலறினார். "கோட்டு எங்கடா? வூட்டுக்காரிகிட்ட எதைக் காட்டுவேன்?"

"கோட்டு போட்டுக்கினு வாசிக்கிறது ஊருக்குண்ணே. இது நீங்க உங்களுக்கு வாசிச்சுக்கிறது."

"பேஜாரு புடிச்சவனே, மூஞ்சி?"

"வாசிக்கசொல்ல உங்க மூஞ்சி ஒரு எடத்துல நிக்குதா?"

பிறகு ஒரு கல்யாணத்துக்கு வந்த புதுச்சேரி டிராயிங் வாத்தியார், இது பிரெஞ்சுக்காரர்கள் பாணி, உருவத்தை விட்டு வெளிச்சத்தை வரைகிற இம்ப்ரஷனிசம் என்றார். அரைக்கண்ணிடம் சொன்னேன். "அவங்களுக்கும் கண்ணு கூசுமாண்ணே?" என்றான்.

அவன் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். போன மாதம் தாசும் போனார். என் மகன் அந்தச் சுவரில் டைல்ஸ் ஒட்ட ஆள் கூட்டி வந்த அன்று, தாஸ் சம்சாரம் வந்து நின்றது.

"எல்லா போட்டோலயும் தொப்பிக்குள்ள வெறப்பா நிக்கிறாருங்க. ஒண்ணுலயும் அவரு இல்ல. இங்க வரைஞ்சிருக்குன்னாங்க."

எந்தப் பெயிண்ட் திட்டு தாஸ் என்று எனக்கே தெரியவில்லை. அந்தம்மா கண் தளும்ப, தானாகவே ஒரு வெள்ளைத் திட்டின் எதிரே போய் நின்றது.

"தோ, எடது தோள தூக்கிக்கினு. வூட்லயும் இப்டித்தான் வாசிப்பாரு."

மகன் டைல்ஸ் பெட்டியைத் தானே தூக்கி வண்டியில் வைத்தான்.

எனக்கும் கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் முதல் தடவையாக எனக்கும் அந்தப் படம் தெரிந்தது. தாஸ் இருந்தார், டிரம் அடிப்பவர் இருந்தார், எல்லோரும் இருந்தார்கள். வரைந்தவன் மட்டும் இல்லை. ஊர் முழுக்க அடுத்தவர் பெயரை எழுதியவன், தன் பெயரை எங்கேயும் எழுதவில்லை.

மூலையில் 'அரைக்கண்ணு' என்று எழுத ஆள் சொல்லிவிட்டேன். டியூப் லைட்டுக்கே உபயம் போடுகிற ஊர் இது. சுவர் என்னுடையது, பெயிண்ட் என்னுடையது. உபயம் என்று என் பெயரும் வந்தாக வேண்டும். இதைக் கேட்டு எழுதிக்கொள்கிற நீங்கள் உங்கள் பத்திரிகையிலும் அப்படியே போடுங்கள். அவன் பெயரை ஒட்டியே போடுங்கள். நடுவில் இடம் விடாதீர்கள்.