ஓசியார் பிடித்த ஓசி

ஏழு மலைகளின் மேல் நின்றபடியே ஏழுலகையும் சுமந்து, ஒருநாளும் தோள் மாற்றிக்கொள்ளாத பெருமானே, அடியேன் எழுத்தில் பிழை வாராமல் காத்தருள்க. இன்று ஆனி மாத வளர்பிறை ஏகாதசி. உபவாச வயிற்றோடு மாம்பழ ஆலையைப் பற்றி எழுதுவது ஒரு சோதனைதான், ஆயினும் எழுதுகிறேன்.

இயந்திரத்தின் பேச்சை முற்றிலும் தவறாகப் புரிந்துகொண்டு, அதன் பழுதை முற்றிலும் சரியாக நீக்குவதில் ஓசியாருக்கு இணையாக இப்புவியில் எவரும் பிறக்கவில்லை. இனிப் பிறந்தால் சித்தூர் தாங்காது.

நகரிப் பக்கத்துத் தமிழர். சித்தூரை அடுத்த மாம்பழக்கூழ் ஆலையில் அவர் எலக்ட்ரீஷியன். அடியேன் ஸ்டோர் கணக்கன். அங்கே மோட்டார்களின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் 'டிரைவ்' என்னும் பெட்டிகள் உண்டு. கோளாறு நேர்ந்தால் பெட்டி மோட்டாரை நிறுத்திவிட்டு, தன் சிறு கண்ணாடியில் இரண்டு ஆங்கில எழுத்துகளைக் காட்டும். அவற்றுக்குப் பொருள் கூறும் கையேடும் உண்டு. ஓசியார் அதன்மேல் டிபன் டப்பாவை வைப்பார்.

"பொட்டி பேசிக்கினுதான் கீது சாமி. நாம காது குடுத்தா போதும்" என்பது அவர் சித்தாந்தம்.

ஒருமுறை 'ஓ, எச்' என்று காட்டிற்று. "கேளு சாமி, 'ஓஹ்'னு பெருமூச்சு வுடுது. மூச்சு முட்டிக்கினு கீது, பாவம்" என்று பெட்டியைத் திறந்தார். உள்ளிருந்த விசிறியில் தூசி அடையடையாய் அப்பியிருந்தது. துடைத்தார், ஓடிற்று. சூடு மிகுந்துவிட்டது என்பதே அவ்வெழுத்துகளின் பொருள்.

மற்றொருமுறை 'எல், யூ'. ஓசியார் நெற்றியைச் சுருக்கினார். "இது தெலுங்கு சாமி. கடைசில வர்ற 'லு' மட்டும் வந்துகீது, முன்னால வார்த்தையக் காணோம். கரண்ட்டு பாதிதான் வருது, அதான் பேச்சும் பாதியா வருது." அளந்து பார்த்தால் மின்னழுத்தம் மெய்யாகவே குறைந்திருந்தது! பாசுரங்களுக்குப் பல உரைகள் கேட்டவன் அடியேன். இப்படியோர் உரைகாரரைக் கண்டதில்லை.

இனி அவருக்கு அப்பெயர் வாய்த்த கதை.

மாம்பழம் குவியும் பருவம். கழுவிய பழங்களை மாடிக்கு ஏற்றும் சாய்வான பெல்ட் ஒன்று. அதன் மேல் தகர மூடி. பகல் உணவுக்குப் பின் பெல்ட்டை ஓட்டினால் போதும், இரண்டு முழம் நகர்ந்து நின்றுவிடும். கண்ணாடியில் 'ஓ, சி'. மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுக்கிறது என்று பொருள். ஆனால் பொத்தானை அழுத்தும் மங்கம்மாவோ தெலுங்குக்காரி. அவள் மொழியில் 'ஓசீ' என்றால் 'அடியே'.

"ஏமய்யா, பெட்டி என்னை ஓசீன்னு கூப்பிடுதா? கட்டின மொகுடுகூட அப்டிக் கூப்பிட மாட்டான்!" என்று சீறினாள்.

"உன்னை இல்லம்மா. எவனோ ஓசில போறான்னு சொல்லுது" என்றார் நம்மவர்.

வெளியே பழ லாரிகள் வெயிலில் வரிசையாய்க் காத்திருந்தன. மேலாளருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிற்று. பருத்த சரீரம், வழுக்கி விழுந்து, புத்தூருக்குப் போய்க் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வேட்டியின் பின்புறமெல்லாம் மாம்பால் கறை. அது எப்படி வந்தது என்று கேட்க எவருக்கும் துணிவில்லை.

"நாளைக்கும் நின்னுச்சின்னா, ஸ்குரூடிரைவரை எடுத்துக்கினு நகரிக்கே போயிடு!" என்றார்.

இரண்டு பெண்களைப் படிக்கவைத்துக்கொண்டிருந்த ஓசியாருக்கு அந்த வேலையை விட்டால் கதியில்லை. முகம் வாடிற்று. தொலைபேசியில் டிரைவ் கம்பெனி இன்ஜினியர் சொன்ன யாவற்றையும் செய்தார். கேபிளைச் சோதித்தார், பழுதில்லை. பெல்ட்டைக் கழற்றி மோட்டாரைத் தனியே ஓட்டினார், தேனாய்ச் சுழன்றது. மெல்ல வேகமெடுக்கும்படி அமைத்தும் பார்த்தார். மறுநாள் பகல் உணவுக்குப் பின் மீண்டும் 'ஓசி'.

"மோட்டார் நல்லாக்கீது. வயரும் நல்லாக்கீது. பொட்டி பொய் சொல்லாது சாமி. ஓசி ஆளு மேலதான் கீறான்!"

பாய்ந்துபோய்த் தகர மூடியைத் தூக்கினார்.

உள்ளே, மாம்பழங்களின் நடுவே, புத்தூர்க் கட்டுக் காலை நீட்டி, தலைக்குக் கை கொடுத்து, பள்ளிகொண்ட பெருமானைப் போல் மேலாளர் எழுந்தருளியிருந்தார்.

"சார்... ஓசி!" என்றார் நம்மவர்.

மாடியில் இருக்கும் தம் அறைக்குப் படியேற முடியாத மேலாளர் கண்டுபிடித்த வழி அது. காலையில் வெறும் பெல்ட் அவரைச் சுகமாய்க் கொண்டுபோய்ச் சேர்த்தது. பகலில் பழம் நிறைந்த பெல்ட் அவரையும் சேர்த்துக் கிளப்ப முடியாமல் திணறிற்று.

"சார் செப்பொத்துன்னாரு சாமி, யாருக்கும் சொல்லாதேன்னாரு, நான் இன்னா பண்றது?" என்று மங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இத்தனை டன் பழம் போவுது. நான் ஒருத்தன் ஏறினா நின்னுடுமாய்யா?" என்றார் மேலாளர்.

"பழம் கணக்குல கீது சார். நீங்க கணக்குல இல்லை."

மேலாளர் தலைகுனிந்தார். "படி ஏற முடியலய்யா" என்றார், குழந்தையைப் போல.

ஓசியார் ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு திரும்பி முதுகைக் காட்டிக் குனிந்தார். "ஏறுங்க சார்."

அந்த மத யானையைச் சுமந்து அவர் படியேறிய காட்சியை ஆலையே நின்று சேவித்தது. படி திரும்பும் இடத்தில் மெல்ல இறக்கிவைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் இருங்க சார்... எனக்கே ஓசி வந்துட்ச்சி."

முதலில் சிரித்தவர் மேலாளர்தாம். அதன்பின் நகரிப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை. அன்று முதல் ஆலை முழுவதற்கும் நம்மவர் ஓசியார். புத்தூர்க் கட்டு அவிழும்வரை ஓசியார் முதுகே அவருக்குப் பல்லக்கு.

நாமெல்லாரும் ஒரு பெருந்தோளின் மேல் ஓசியில் ஏறி வந்தவர்கள். அந்தத் தோள் ஒருநாளும் இரண்டு எழுத்தைக் காட்டி நின்றதில்லை. திருமலையில் சேவிக்கும்போதெல்லாம் என் வேண்டுதல்களின் முடிவில் ஓசியார் பெயரையும் ஏற்றிவிடுகிறேன். அவர் கேட்டதில்லை, ஓசிதான்.

இதைப் படிக்கும் நீங்கள் அனைவரும் சுமை இலேசாகி, நடுவழியில் நில்லாமல், மேல் சேர்ந்து வாழ்க.