ஏலத்தில் எடுத்த சேவல் குறித்து என் விளக்கம்

அலுவிகாரை,
மாத்தளை.

பாளையங்கோட்டையில் வசிக்கும் என் மரியாதைக்குரிய மைத்துனரும் நம் ஊழியச் சங்கத்தின் செயலாளருமான திரு. சா. அருமைநாயகம் அவர்களுக்கு,

1. இக்கடிதத்தை எழுதுபவன், பாளையங்கோட்டையில் வழக்கறிஞராகத் தொழில் செய்து ஓய்வுபெற்ற ஜே. தேவஇரக்கம் ஆகிய நான்.

2. நான் தங்கள் தங்கை ஹெப்சிபாவின் கணவன். இது இரு தரப்பிலும் மறுக்கப்படாத விஷயம்.

3. தங்கள் சங்கம் அனுப்பியபடி, நாங்கள் இருவரும் ஐந்து மாதங்களாக இலங்கையில், மாத்தளையை அடுத்த அலுவிகாரையில் வாடகை வீட்டில் தங்கி, எல்கடுவ தேயிலைத் தோட்டத்துச் சிற்றாலயத்தில் ஊழியம் செய்துவருகிறோம்.

4. இக்கடிதத்தில் கண்டதைக் கண்டது என்றும், கேட்டதைக் கேட்டது என்றும், ஊகித்ததை ஊகம் என்றும் பிரித்தே எழுதுவேன்.

தேவ கிருபையால் நாங்கள் சுகம். தாங்களும் சுகமாயிருப்பதாக நம்புகிறேன். உறுதிகூற என்னிடம் ஆதாரம் இல்லாததால் நம்புவதோடு நிறுத்திக்கொள்கிறேன். தங்கள் கடிதம் கிடைத்தது. “சபையாரின் சேவலை நீர் தின்றுவிட்டதாகக் கண்டியிலிருந்து வந்துபோன சகோதரர் ஒருவர் சொல்கிறார். உண்மையா? உம் பதிலைப் பார்த்துத்தான் உங்களை அங்கேயே வைத்திருப்பதா, திருப்பி அழைப்பதா என்று சங்கம் முடிவு செய்யும்” என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி தெளிவானது. பதில் அவ்வளவு தெளிவானதாக இல்லாததால் சற்று விரித்து எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

முதலில் இவ்வூர் வாழ்க்கையைப் பற்றிச் சில வரிகள். சூழ்நிலையை விட்டுவிட்டுச் சேவலை மட்டும் தனியே நிறுத்தினால் எனக்கு அநியாயம் நேரும். கடல் கடந்தாலும் தமிழ் தமிழ்தானே என்ற தைரியத்தில் வந்தோம். ஆனால் தமிழ் தெரிந்தால் மட்டும் ஒரு ஊர் புரிந்துவிடுவதில்லை. விடியற்காலையில் இசை எழுப்பிக்கொண்டு ஒரு மூன்று சக்கர வண்டி எங்கள் தெருவில் வரும். அது ஏதோ அரசு மரியாதை என்று கருதி, வந்த நாள் முதல் நான் வாசலில் எழுந்து நின்றுவந்தேன். ஒரு நாள் வண்டிக்காரர் நிறுத்தி, “என்ன ஐயா, டெய்லி வந்து நிக்கிறீங்க, ஒரு பாண் எடுக்க மாட்டேங்கிறீங்களே” என்று குறைப்பட்டார். அதன் பிறகுதான் அது ரொட்டி விற்கும் வண்டி என்று தெரிந்தது. வீட்டுக்காரர் ஜிப்ரி தங்கமான மனிதர்; ஆட்டோ ஓட்டுகிறார். வாடகை ஒப்பந்தத்தைப் பதினொரு பக்கத்தில் தயாரித்து நீட்டியபோது, “வாய் வார்த்த இருக்கக்குள்ள கடதாசி என்னத்துக்கு ஐயா?” என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லாப் பக்கத்திலும் வாசிக்காமலே கையெழுத்திட்டார். ஐந்தாம் பக்கத்தில் சமையலறைக் குழாயை உடனடியாகச் சரிசெய்வதாக அவர் ஒப்புக்கொண்டிருப்பது அவருக்கு இன்றும் தெரியாது. எப்போது சரிசெய்வீர்கள் என்று கேட்டால், “நாளைக்கு, இன்ஷா அல்லாஹ்” என்பார். கர்த்தருக்குச் சித்தமானால் என்று நானே நாளுக்குப் பத்துமுறை சொல்பவன் ஆதலால், அவரை எதிர்த்து வாதாட எனக்கு வழியில்லாமல் போயிற்று.

எல்கடுவ மலையில் அட்டைகள் உண்டு. அட்டை என்பது, நம்மைக் கேளாமல் நம் காலில் குடியேறி, நோட்டீஸ் கொடுத்தாலும் காலிசெய்யாத உயிரினம். அதை முன்னிட்டு லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, நடந்து செல்வதை நான் தவிர்த்துவந்தேன். அதற்குப் பதிலாக ஆலயக் கதவில், “ஊழியரைச் சந்திக்க விரும்புவோர் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கவும்” என்று ஓர் அறிவிப்பு ஒட்டினேன். இந்த ஐந்து மாதத்தில் எழுத்தில் வந்தது ஒன்றே ஒன்று: “ஐயா, இந்தக் கதவு சாத்த மாட்டேங்குது.” ஹெப்சிபாவோ முதல் வாரமே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறிப்போய்விட்டாள். யார் வீட்டில் எந்த அடுப்பு புகைகிறது என்பதுவரை அவளுக்குத் தெரியும்.

இனி சேவல். சென்ற மாதம் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை. நம் ஊர் வழக்கப்படியே சபையார் விளைச்சலைக் கொண்டுவந்து படைத்தார்கள்: மிளகு, ஈரப்பலாக்காய், வாழைத்தார், பூசணி. ஆராதனை முடிந்து ஏலம். சபை மூப்பர் அழகையா ஏலம் கூறினார். பூசணிக்கும் வாழைத்தாருக்கும் அரைத்தூக்கத்தில் கேட்டவர்கள், வேலம்மா என்ற அம்மையார் ஒரு செஞ்சேவலைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்ததும் துள்ளி எழுந்தார்கள். போட்டி போட்டார்கள், விசில் அடித்தார்கள். இப்படி எல்லோரும் விரும்பும் பொருளில் ஏதோ சிறப்பு இருக்க வேண்டும் என்று ஊகித்து (இது ஊகம்) நானும் கேட்டேன். நான் கேட்டதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

“ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்! சேவல் நம்ம ஐயாவுக்கே!” என்றார் அழகையா. கைதட்டல் கூரையைத் தூக்கியது. தொகையைச் செலுத்தினேன். பிறகு அழகையா புன்னகையோடு இரண்டு கைகளையும் என்னை நோக்கி நீட்டினார். வாழ்த்துகிறார் என எண்ணி, சேவலை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு வலது கையால் அவர் கையைக் குலுக்கினேன். அவர் மறுபடி நீட்டினார். நான் மறுபடி குலுக்கினேன்.

வேலம்மா அருகில் வந்து, “ஐயா, அது வந்து… நம்ம சேவலு…” என்று இழுத்தார்.

“எதுவானாலும் எழுத்தில் தாருங்கள் அம்மா” என்றேன்.

சபையார் அனைவரும் பஸ் நிறுத்தம்வரை வந்து மௌனமாக நின்றார்கள். அதை நான் பயபக்தி என்று கருதினேன். வேலம்மா ஹெப்சிபாவின் காதில் ஏதோ சொன்னதைக் கண்டேன். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. பஸ்ஸில் நடத்துநர், “ஐயா, ரெண்டு டிக்கெட்டா மூணா?” என்று சேவலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். ஹெப்சிபா என் பக்கம் சாய்ந்து, “ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டா?” என்றாள். மூன்றாம் நபர்கள் இருக்கும் இடத்தில் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவள் ஒன்றும் சொல்லாததால், சொல்ல வந்தது முக்கியமில்லை என்று முடிவு செய்தேன். இன்று இரவு குழம்பு வைக்கலாமே என்று நானே யோசனை கூறினேன். எனக்கு இரத்தம் பார்க்க முடியாது என்பது தங்களுக்குத் தெரியும். ஆகவே ஜிப்ரி அறுத்துத் தருவதாக ஏற்பாடு. அவர் சேவலை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனதை நேரில் கண்டேன். பிறகு அது கறியாகத் திரும்பி வந்ததையும் நேரில் கண்டேன். இடையில் நடந்தவற்றுக்கு நான் நேரடிச் சாட்சி அல்லன். ஆயினும் உண்டது நாட்டுச் சேவலே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை; சிறுவயது முதல் நாட்டுக்கோழி தின்று வளர்ந்த நாக்கு இது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அழகையா மிகவும் பணிவோடு, “ஐயா, சேவல் எப்பிடி?” என்று கேட்டார். “மிகவும் நன்றாக இருந்தது” என்றேன். பெண்கள் பக்கம் எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். அவர்களது தோள்கள் குலுங்கின. அப்போதுதான் அழகையா என்னைத் தனியே அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னார்.

“ஐயா, அத யாரும் வீட்டுக்குக் கொண்டு போறதில்லீங்க. ஏலத்துல எடுத்தவங்க தலைக்கு மேல தூக்கிக் காட்டிட்டுத் திருப்பிக் குடுத்துருவாங்க. வேலம்மா அடுத்த பண்டிகை வரைக்கும் வளக்கும். மறுபடி ஏலம். நம்ம கூரைத் தகரம், மைக் செட்டு, எல்லாம் அந்தச் சேவல் குடுத்ததுதாங்க.”

மைத்துனர் அவர்களே, இந்த இடத்தில் என் சட்ட நிலையைப் பதிவு செய்ய விரும்புகிறேன். ஏலம் பகிரங்கமானது. மூன்று தரம் கூறப்பட்டது. கிரயம் செலுத்தப்பட்டது. சுவாதீனம் அக்குளில் வந்து சேர்ந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை ஏலத்தில் கூறப்படவில்லை. வில்லங்கம் இருப்பது தெரியாமல் நல்லெண்ணத்தில் வாங்கியவன் நான். எந்த நீதிமன்றத்திலும் இந்த வழக்கை வென்றுவிடுவேன். ஆனால் வென்ற பிறகு எந்த முகத்தோடு எல்கடுவ பஸ்ஸில் ஏறுவது, மச்சான்? அதுக்கு எந்தச் சட்டத்துல இடம் இருக்கு, சொல்லுங்க?

ஆகவே மறுநாளே மன்னிப்புக் கேட்கப் புறப்பட்டேன். சபையாரின் பொதுச்சொத்து என்பதால் மன்னிப்பும் தனித்தனியே ஒவ்வொரு பங்குதாரரிடமும் கேட்கப்பட வேண்டும் அல்லவா? லயம் லயமாக ஏறினேன். ஒவ்வொரு வீட்டிலும் பால் விடாத வெறுந்தேநீர். சீனி மட்டும் அதிகம். குடிக்காவிட்டால் மன்னிப்பு ஏற்கப்படாது என்பதுபோல் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நின்றுகொண்டு, “இச்சபைக்குச் சொந்தமான சேவல் என் அறியாமையால் இறந்துபோனது” என்று தொடங்குவேன். அவர்கள் பாய் விரித்து உட்காரச் சொல்வார்கள். வேலம்மா, “மவன் மாதிரி வளத்தேனுங்க” என்று முந்தானையைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். எனக்கும் கண் கலங்கியது. பேச்சை மாற்றுவதற்காகக் குடும்பத்தைப் பற்றி விசாரித்தேன். அவருடைய மகன் கொழும்பில் கடையில் வேலைக்குப் போனவன், தீபாவளிக்குப் பின் போன் எடுப்பதில்லையாம். அடுத்த வீட்டில் ரஜனி என்ற பெண், லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு எழுத ஆளில்லை என்றாள். மடியில் வைத்து அங்கேயே மனு எழுதிக் கொடுத்தேன். ஒரு வீட்டில் ஜெபிக்கச் சொன்னார்கள். இன்னொரு வீட்டில் ரொட்டியும் கட்டசம்பல் என்னும் மிளகாய்த் துவையலும் கொடுத்துவிட்டு, என் பிரசங்கம் சற்று நீளம் என்றார்கள். அட்டைகளைப் பற்றி நினைக்கவே மறந்துபோனேன் என்பதை வீட்டுக்கு வந்து காலைப் பார்த்தபோதுதான் அறிந்தேன்.

இதெல்லாம் என் குற்றத்தைக் குறைக்காது. ஆகையால் என் பதில்: ஆம், அச்சேவல் இறந்துபோனது. அதை உண்டவன் நான். சபையார் வாயால் மன்னித்துவிட்டாலும், என்னைக் கண்டதும் இன்னும் முகத்தை மூடிக்கொள்கிறார்கள். பெரியவர்கள்கூட என் பிரசங்கத்தின் நடுவே தலைகுனிந்து குலுங்குகிறார்கள். இத்தனை துயரத்துக்குக் காரணமானவன் இங்கே தொடர்ந்து ஊழியம் செய்வது முறையல்ல. எங்களைத் திருப்பி அழைக்கும்படி நானே கேட்டுக்கொள்கிறேன். இதை ஹெப்சிபாவிடம் சொன்னேன். “எனக்கு இங்க வேல கெடக்கு. நீங்க வேணும்னா போங்க, நான் வரல” என்று சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள். இந்த வயதில் தனியே ஊர் திரும்புவது எனக்கு எளிதல்ல என்பதைச் சங்கத்தார் அறியத் தேவையில்லை. தங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

தங்கள் வீட்டார் ஒவ்வொருவருக்கும் எங்கள் வாழ்த்துகள். கர்த்தர் தங்கள் வீட்டு வாசலையும் அடுப்பையும் காத்து, என்னைப் போன்ற உறவினரைச் சகிக்கும் பொறுமையையும் தங்களுக்குத் தருவாராக.

இப்படிக்கு,
ஜே. தேவஇரக்கம்

பின்குறிப்பு: மேலே கையெழுத்திட்டபின், சாட்சிகளின் ஒப்பம் பெறுவதற்காக இக்கடிதத்தை எல்கடுவவுக்கு எடுத்துச் சென்றேன். எதற்குச் சாட்சி என்று அறியாமல் எவரும் கையெழுத்திடக் கூடாது என்பது என் கொள்கை. எனவே ஆலய வாசலில் நின்று முழுவதையும் உரக்க வாசித்தேன். “அச்சேவல் இறந்துபோனது” என்ற இடத்தில் வேலம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“பொய்ச் சாட்சி சொல்லக் கூடாதுன்னு போன கெழமதானே ஐயா பேசுனீங்க. நான் இதுல வைக்க மாட்டேங்க.”

“எது பொய்?”

“சேவலு எங்க லயத்துக்குப் பின்னாலதாங்க மேயுது.”

எங்களைக் கூட்டிவந்த ஜிப்ரி ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சபையார் இத்தனை நாள் முந்தானைக்குள் அடக்கிவைத்ததை எல்லாம் வெளியே விட்டார்கள். நான் கண்ட துயரம் யாவும் சிரிப்பே என்பதை இதனால் திருத்திக்கொள்கிறேன். நடந்தது இது: பண்டிகை அன்று வேலம்மா ஹெப்சிபாவின் காதில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார், அவள் சொற்படி ஜிப்ரி அன்று மாலையே சேவலை எல்கடுவவுக்குத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

“அப்படியானால் நான் உண்டது?” என்று தங்கள் தங்கையைக் கேட்டேன்.

“மாத்தளை டவுன்ல வாங்குன பிராய்லர். நாட்டுக்கோழி நாட்டுக்கோழிதான்னு சொல்லி நீங்க ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டிய.”

எனக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று மூப்பரைக் கேட்டேன். அழகையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சொல்லிறலாம்னுதாங்க இருந்தோம். நீங்க மொத வீட்டுக்கு வந்து உக்காந்து டீ குடிச்சீங்க. அடுத்த வீட்டுக்காரன், எங்க வீட்டுக்கும் வந்துட்டுப் போகட்டும், அப்புறம் சொல்லுவோம்னான். அப்பிடியே கடைசி லயம் வரைக்கும் வந்துருச்சு.”

நான் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். பிறகு வேலம்மாதான் கேட்டார்: “இனிமே சும்மா வருவீங்களா ஐயா, இல்ல இன்னொரு சேவல அறுத்துட்டோம்னு சொல்லணுமா?”

“முன்கூட்டியே எழுத்தில்…” என்று தொடங்கினேன். ஹெப்சிபா என்னைப் பார்த்தாள். “வருகிறேன்” என்றேன்.

ஆகவே, மேற்கண்ட கடிதத்தில் என் பெயர், உறவுமுறை, முகவரி ஆகியவை நீங்கலாக மற்ற யாவும், குறிப்பாக எங்களைத் திருப்பி அழைக்கும்படி கேட்ட பத்தி, இதனால் ரத்து செய்யப்படுகின்றன. சங்கத்தார் கேட்டால், சேவல் உயிருடன் இருக்கிறது என்று தாராளமாகச் சொல்லலாம். நேரில் கண்டேன். அருகில் சென்று அடையாளம் சரிபார்த்தபோது வலது கையில் கொத்தியது.

ஜே. தேவஇரக்கம் (இடது கையால் ஒப்பமிட்டது)

சாட்சிகள்:
வேலம்மா (பின்குறிப்புக்கு மட்டும்)
மூப்பர் அழகையா (பின்குறிப்புக்கு மட்டும்)
ஜிப்ரி (வாசிக்காமல்)