கேக் மாப்பிள்ளையின் கன்னம்

வண்ணத்துக்கு முன் அடிக்கும் பிரைமர் காய்ந்ததும் டேரல் பொம்மையை விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தான். பிளாஸ்டிக் மாப்பிள்ளையின் முகம் முழுக்க ரவையை அப்பியதுபோல் சொரசொரப்பு.

கராஜில் அத்தனை குளிரில் ஸ்ப்ரே அடித்தது தப்புதான். ஆனால் டுலூத் மாதிரிப் பனி ஊரில் நவம்பர் மாதம் வேறெங்கே அடிப்பது? வீட்டுக்குள் அடித்தால் மனைவி ஜனீன் அவனையே வெளியே காயப் போட்டுவிடுவாள்.

பொம்மை ஜனீனின் அம்மா லொரெய்னுடையது. நாற்பது வருஷத்துக்கு முன் அவருடைய கல்யாண கேக்கின் உச்சியில் நின்ற ஜோடி. ஞாயிற்றுக்கிழமை மணநாள் விருந்தில் மறுபடி கேக்கில் ஏற வேண்டும். சாயம் வெளுத்துவிட்டதே, சிப்பாய் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் மருமகன் எதற்கு இருக்கிறான் என்று கொடுத்திருந்தார். பன்னிரண்டு வருஷத்தில் மாமியார் அவனை நம்பி ஒப்படைத்த முதல் பொருள் அது. பெண் பொம்மை நன்றாகவே முடிந்திருந்தது.

"மாப்பிள்ளை மூஞ்சி மட்டும் மாறவே கூடாது, டேரல். அந்த ஒரு பக்கக் கன்னம் பாத்தியா? வெக்கம் வந்தா உங்க மாமாவுக்கு அப்படித்தான் உப்பும்," என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்.

சொரசொரப்பைக் கரைக்க, ஜனீன் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தில் பொம்மையை முக்கினான். பத்து நிமிஷத்தில் ரவை போயிற்று. கூடவே மூக்கும் வாயும் கன்னமும் போயின. தொட்டதும் தலையே கையோடு வந்துவிட்டது, யாரோ ஒட்டிவைத்ததுபோல்.

"அம்மாகிட்ட சொல்லிடு," என்றாள் ஜனீன்.

"சொல்றேன். கிறிஸ்மஸுக்கு நீ மட்டும் போயிட்டு வா."

தன் பெரிய பொம்மை ரயில் செட்டிலிருந்த ஸ்டேஷன் மாஸ்டரின் தலையை அறுத்து ஒட்டினான். அவருக்கு மீசை. மீசையைச் சுரண்டியதில் மேலுதடும் போயிற்று. ஓட்டை அடைக்கும் புட்டிப் பசையால் உதடு வைத்தான். மாப்பிள்ளை அழப்போகிறவன்போல் ஆனான். சரிக்கட்ட இன்னும் கொஞ்சம் பசையை உருட்டிக் கன்னத்தை உப்பவைத்தான். இந்தத் தடவை வெதுவெதுப்பான குளியலறையில் பிரைமர் அடித்தான். பொம்மை வழவழவென்று வந்தது. ஜனீனின் வெள்ளைத் துண்டுகள் சாம்பல் நிறமாயின.

ஞாயிறன்று லொரெய்ன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதே கன்னம்," என்றார் கடைசியில். கண் கலங்கிவிட்டது. கணவர் வர்ஜிலின் கன்னத்தைச் செல்லமாகத் தட்டிவிட்டு கேக்கிடம் போனார். டேரலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வர்ஜில் அதிகம் பேசாத மனிதர். மருமகனைச் சமையலறைக்கு அழைத்துப்போய், ஒரு பீரைத் திறந்து கையில் கொடுத்தார்.

"கன்னத்தை நல்லாப் புடிச்சிட்ட, மாப்ள," என்று குரலைத் தாழ்த்தினார். "முன்னாடி நான் உடைச்சிட்டு மாத்தி ஒட்டின தலை ஒரு பேஸ்பால்கார பொம்மையோடது. வாயில சூயிங் கம் அடக்கியிருந்தான்."