பிரிக்காத பெட்டி

என் மகள் பானுப்பிரியாவுக்குப் பள்ளிக்கூடத்தில் இலவச லேப்டாப் கொடுத்த அன்றே முடிவு செய்துவிட்டேன். பெட்டியை யாரும் பிரிக்கக் கூடாது. கல்யாணச் சீரில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே அது புத்தம் புதுசாக நிற்க வேண்டும். மூடியில் அரசாங்க முத்திரை இருக்குமாம். மேலே ஒரு முருகன் படம் ஒட்டிவிட்டால் போயிற்று.

"படிக்கக் கொடுத்ததுங்க" என்றாள் என் மனைவி வெங்கடேஸ்வரி.

"படிச்சா பழசாயிரும்."

"எது, பெட்டியா, பிள்ளையா?"

"ரெண்டும்தான்."

அவள் மறுபேச்சு பேசவில்லை. பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அதற்கே நான் பயந்திருக்க வேண்டும்.

எனக்கு அவசரம் இருந்தது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் இருபத்தாறு வருடம். ஊர் உலகத்துக் காயத்துக்கெல்லாம் துணி அனுப்பினேன். பஞ்சுத் தூசி மட்டும் என் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. நாலு படி ஏறினால் மூச்சு நின்று, யோசித்து, பிறகுதான் வரும். அது ஒரேயடியாக வர மறுப்பதற்குள் மகளைக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும்.

பிளஸ் டூ முடிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கண்ணுச்சாமி, பெண்ணை ஏற்கெனவே கோவிலில் பார்த்துப் பிடித்துப்போய், தன் மகனுக்காகச் சீர் பேச வந்தார். பானுப்பிரியா மடவார் வளாகத்துச் சித்தி வீட்டில் இருப்பதாக வெங்கடேஸ்வரி சொல்லியிருந்தாள்.

"கம்ப்யூட்டர் உண்டாமே" என்றார் அவர்.

பீரோ மேலிருந்து பெட்டியை இறக்கினேன். நல்ல கனம். டேப்பை நானே பெருமையாகக் கிழித்தேன்.

உள்ளே பேண்டேஜ் துணி சுற்றிய ஒரு செங்கல்.

கண்ணுச்சாமி குனிந்து பார்த்தார். "இது எந்தக் கம்பெனி?" என்று கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனவர் போனவர்தான்.

"ஏட்டி, லேப்டாப் எங்க?"

"மதுரையில. நர்சிங் காலேஜ் ஹாஸ்டல்ல."

"அது எப்படி அங்க போச்சு?"

"ஒங்க மக தூக்கிட்டுப் போனா. அடுத்த வீட்டுப் பிரிஸ்கில்லா டீச்சர் வீட்ல வச்சு அதுலதான் இம்புட்டு நாளும் படிச்சா. அப்ளிகேசனும் அதுலதான் போட்டா."

சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"நான் போய்ட்டா அவளுக்கு யாருட்டி இருக்கா?"

"அதுக்குத்தான் படிக்கா."

"என் கையெழுத்து இல்லாம எப்படிச் சேர்த்தாங்க?"

"போட்டீங்களே. போன மாசம், நெஞ்சுப் படம் எடுக்க பெரியாஸ்பத்திரிச் சீட்டுன்னு நீட்டுனேன்ல."

நினைவு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போட்டிருந்தேன்.

"படிச்சுப் பார்க்கப் பயமா இருந்துச்சுட்டி" என்றேன்.

"தெரியும்" என்றாள். "அதான் அப்படிச் சொன்னேன்."