கேப்பை மன்னிக்கும் மெஷின்

கவரைப்பேட்டை
ஞாயிறு, ஆராதனை முடிந்து

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் ஜெரால்ட் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் அக்காள் விக்டோரியாவும் நானும் தேவ கிருபையால் சுகம். திருநின்றவூரில் நீங்களும் உங்கள் மனைவி சோனியாவும் அவ்விதமே சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். சுகத்துக்கு மட்டும்தான் ஜெபிக்கிறேன், உங்கள் வியாபாரத்துக்கு அல்ல. போனில் சொன்னால் நடுவில் புகுந்து சமாதானம் பேசுவீர்கள் என்பதால் கடிதம்.

ஈஸ்டர் அன்று எங்கள் வீட்டில் பிரியாணி சாப்பிட்டீர்கள். இரண்டாம் தரம் கேட்டு வாங்கினீர்கள். இந்தப் பக்கம் என்ன வேலை என்று கேட்டதற்கு, "சும்மாதான் மாமா" என்றீர்கள். பத்தாம் நாள் கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனி வாசலில் ஒரு வெல்டிங் மெஷின் வந்து இறங்குகிறது. விற்றவர் யார் என்று பார்த்தால் என் சொந்த மச்சான். இரண்டு பைப்பைச் சேர்க்கும்போது அடியில் முதலாவதாக ஓடுகிற வரிக்கு ரூட் என்று பெயர். எக்ஸ்ரேயில் முதலில் மாட்டுவதும் அதுதான். இருபத்திரண்டு வருஷமாக அங்கே அது என் கைவேலை. "ரூட்டுக்கு ஜெயராஜைக் கூப்பிடு" என்று மேனேஜர் ஆள் அனுப்புவார். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் நீங்கள் உலை வைத்திருக்கிறீர்கள்.

மெஷின் தங்குவதா, திரும்பிப் போவதா என்று முடிவு செய்ய மேனேஜர் என்னிடமே ரிப்போர்ட் கேட்டிருக்கிறார். நாளைக் காலை கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் ரூட்டுக்கு என்னை யாரும் கூப்பிடப் போவதில்லை. ஆகவே புகார்களை முதலில் உங்களுக்கே சொல்லிவிடுகிறேன்.

இந்த மெஷினில் பொறி தெறிப்பதில்லை. சாதாரண வயர் வெல்டிங்கில் குண்டு குண்டாகத் தெறித்து பைப் முழுக்க ஒட்டும், அதைத் தேய்த்து எடுக்க கிரைண்டர் ஏழுமலை அரை நாள் குனிந்தபடி கிடப்பார், ஷெட்டில் நிம்மதி இருக்கும். இப்போது அவருக்குத் தேய்க்க ஒன்றுமில்லாததால் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தன் மாமியார் கதையை முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். அடுத்தது வேகம். ஆறு அங்குலப் பைப்புக்கு ரூட் போட எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரம் மேனேஜர் ஆனாலும் பாஸ்டர் ஆனாலும் என்னைத் தொந்தரவு செய்ய முடியாது. உங்கள் மெஷின் ஆறு நிமிஷத்தில் முடித்துவிட்டு "அடுத்தது?" என்று பார்க்கிறது. சூடு குறைவாம், பைப் கோணிக்கொள்ளாதாம். சில வகைப் பைப்புகளுக்கு உள்ளே ஆர்கான் வாயு நிரப்ப வேண்டியதில்லையாம். ஆர்கான் ரூம் சாவி இத்தனை வருஷம் என் இடுப்பில் தொங்கியது. இனிமே அந்த சாவிய வச்சிக்கினு நான் இன்னா பண்றது, நீயே சொல்லு.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சலூட்டியது, டெமோ அன்று இங்கிலீஷ் நோட்டீஸை அப்படியே தமிழாக்கி நீங்கள் சொன்ன வார்த்தை: "இது கேப்பை மன்னிக்கும் மெஷின்." மன்னிக்க அது யார்? பைப் பொருத்துகிற பிட்டர் ஆதிகேசவனை உங்களுக்குத் தெரியும். பைப் இரண்டையும் மூன்று மில்லி கேப், அதாவது இடைவெளி, விட்டு நிறுத்தச் சொன்னால் ஒரு பக்கம் இரண்டும் மறு பக்கம் ஐந்துமாக நிறுத்துகிறவன். பத்தொன்பது வருஷமாக நான் அவனை மன்னிக்கவில்லை. அதில் எனக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. நேற்று வந்த மெஷின் ஒரு வார்த்தை கேட்காமல் மன்னித்துவிட்டது.

போன வியாழன் போட்டி வைத்தார்கள். ஒரு ஜாயிண்ட் எனக்கு, கையால் கம்பி ஊட்டிப் போடுகிற என் பழைய டிக் வெல்டிங்கில். இன்னொன்று ஈஸ்வரிக்கு, உங்கள் மெஷினில். பழவேற்காட்டுப் பெண். ஒரு வருஷமாகப் பிராக்கெட் மட்டும் வெல்டிங் செய்துகொண்டிருந்தவள், பைப்பில் ரூட் போட்டதே கிடையாது. இரண்டையும் நிறுத்தியவன் ஆதிகேசவன், வழக்கம்போலக் கோணலாக. அவள் ஆறு நிமிஷத்தில் முகமூடியைக் கழற்றினாள். தெறிக்காமல் எப்படி என்று நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள்.

"அண்ணே, அல தூக்கசொல்லோ தம் கட்டி துடுப்ப வலிச்சா தண்ணி மூஞ்சிலதான் அடிக்கும். கொஞ்சம் வுட்டுக்குடுத்தா படகு தானா எறங்கிடும். இதுவும் அப்டித்தான். கம்பி உருகி துளி எறங்கற நேரம் பாத்து கரண்ட கொறச்சிக்கிது. செகண்டுக்கு நூறு தபா. நம்மளால ஆவுமா?"

நம்மளால் ஆகாது என்பதை என் முகத்துக்கு நேரே சொல்ல உங்கள் மெஷின்தான் அவளுக்குத் தைரியம் கொடுத்தது.

மறுநாள் எக்ஸ்ரே பிலிம் வந்தது. அவளுடையது பாஸ். நான் பிலிமைத் தலைகீழாகப் பிடித்தும் பார்த்தேன், அப்படியும் பாஸ்தான். என்னுடையதில், ஆதிகேசவன் அஞ்சு மில்லி பொளந்து வச்சிருந்த எடத்துல, அடிப்பக்கம் ரூட் உள்வாங்கி ரிப்பேர். ஒன்பது வருஷத்தில் எனக்கு முதல் ரிப்பேர், ஜெரால்ட். பத்துப் பேர் பார்க்க அந்த ஆதிகேசவன் வந்து தோளில் கை போட்டான்.

"இன்னா ரூட்டு, மெஷினே என்ன மன்னிச்சிடுச்சி. நீ எப்பப்பா?"

"உபவாச ஜெபத்துக்கு வா, மன்னிப்பு கெடைக்கும். வெல்டிங் ஷெட்ல கெடைக்காது" என்றேன். ஏழுமலை ஸ்டூலில் இருந்து விழுந்து சிரித்தார். எனக்காகச் சிரித்தாரா, அவனுக்காகச் சிரித்தாரா என்று இன்றுவரை தெரியவில்லை. பேஜாரு புடிச்ச மெஷினு.

எனவே என் முடிவு: மெஷினை நீங்களே வண்டி வைத்து எடுத்துப் போகவும். என் கையெழுத்து கிடைக்காது. அடுத்த ஈஸ்டருக்கு உங்களுக்குத் தயிர் சாதம்.

சோனியாவுக்கு எங்கள் அன்பு. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக, குறிப்பாக எங்கள் கம்பெனிப் பக்கம் வராதபடி.

உங்கள் அக்காள் கணவன்,
ஜெயராஜ்

பின்குறிப்பு: தபாலில் சேர்ப்பதற்குள் திங்கட்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது. ரிப்போர்ட்டில் குறை எழுத வேண்டுமானால் ஒரு தரமாவது போட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா? காலையில் எல்லோரும் நாஷ்டாவுக்குப் போன நேரம் உட்கார்ந்தேன். ஒரு ஜாயிண்ட் என்றுதான் உட்கார்ந்தேன், நான்கு ஆகிவிட்டது. எழுந்தபோது கழுத்து வலிக்கவில்லை. கழுத்து வலிக்காமல் எழுந்து எத்தனை வருஷம் ஆச்சு என்று உன் அக்காவைக் கேள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஐந்தாவது போடலாம் என்று திரும்பினால் ஈஸ்வரி வந்து உட்கார்ந்துவிட்டாள், எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். "ஒங்களுக்கு வேணும்னா ஒங்க மச்சான்கிட்ட வேற ஒண்ணு கேளுங்கண்ணே" என்கிறாள்.

கேட்கிறேன்.