எதுக்கும் இருக்கட்டும் ஒரு சுவர்

"இதைத் தாண்டித்தான் உள்ள வரணுமா?" என்றாள் மனைவி, சாப்பாட்டுக் கூடையோடு ஒற்றைக் காலில் நின்றபடி.

"தாண்டு, தாண்டு. உனக்கே இப்படின்னா வெள்ளத்துக்கு எப்படி இருக்கும்!"

மெத்தைக் கடை வாசலில், கதவுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்குச் சுவர் எழுப்பியிருந்தார் கணவர். தெருவில் அவருக்கு 'எதுக்கும்காரர்' என்று பெயர். எதைச் செய்தாலும் "எதுக்கும் இருக்கட்டும்" என்பார். வெளியே போனால் இரண்டு குடை எடுத்துக்கொண்டு போவார். ஒன்று தொலைந்தால்?

போன வருஷ வெள்ளத்தில் கடையில் இருந்த அத்தனை மெத்தையும் ஊறிப்போய், ஒவ்வொன்றும் ஓர் எருமைக் கனம் கனத்தது. அதனால் காப்பீட்டுக்காரர்கள் இந்த வருஷம் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: நகராட்சியின் வானிலைத் தயார்நிலைச் சான்றிதழ் இருந்தால்தான் புதுப்பிப்போம். மனைவி அதைவிடக் கறார்.

"சான்றிதழ் வரலேன்னா கடையை மூடுங்க. எங்கண்ணன் குடோன்ல மேஸ்திரி வேலை காலியா இருக்கு."

மச்சானுக்குக் கீழே கைகட்டி நிற்பதா! அதற்குப் பேசாமல் வெள்ளத்தோடு போய்விடலாம் என்று எதுக்கும்காரருக்குத் தோன்றியது.

ஆய்வாளர் அம்மா வரும் நாள் இன்றுதான். எதற்குத் தயாராக வேண்டும் என்பதில்தான் குழப்பம். 'பெருமழை பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். கடும் வெயிலும் அடிக்கலாம். வணிகர்கள் எல்லாவற்றுக்கும் தயாராக இருக்கவும்' என்றது நகராட்சிச் சுற்றறிக்கை. எழுதியவர் நம்ம ஆள்தான் என்று எதுக்கும்காரர் பூரித்துப்போனார்.

மற்ற கடைக்காரர்களைப் போலச் சுவர் எழுப்பியதோடு அவர் விடவில்லை. சாக்கடைத் தண்ணீர் தரை ஓட்டை வழியாக ஏறி வருமே என்று அதையும் சிமென்ட் வைத்து அடைத்தார். சுவிட்சுகளைக் கூரைக்குப் பக்கத்தில் ஏற்றினார். மெத்தைகளை மாடியில், தகரக் கூரைக்கு அடியில் அடுக்கினார். இப்போது வரட்டும் மழை!

மழை வரவில்லை. வெயில்தான் மண்டையைப் பிளந்தது.

"ஏங்க, மாடியில பசை நாத்தம் குடலைப் பிடுங்குது. மெத்தை உருகுதா என்ன?"

"தகரம் சுடுது. தண்ணி தெளிச்சா ஆறிடும்."

குழாயில் வரிசையாக ஓட்டை போட்டுக் கூரைமேல் கிடத்தி மோட்டாரைப் போட்டார். தகரம் ஆறியது.

"ஏங்க, ஆணி ஓட்டை வழியாச் சொட்டுது!"

"மெத்தைக்கு மேல தார்ப்பாய் கட்டிட்டாப் போச்சு."

கட்டினார்கள். தார்ப்பாயில் விழுந்த தண்ணீர் சமர்த்தாகப் படிக்கட்டுப் பக்கம் வழிந்தது. மெத்தையில் ஒரு சொட்டு இல்லை. அந்த நிம்மதியில் இருவரும் கடைக்குப் பின்னால் மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எதுக்கும்காரர் அப்படியே கண்ணயர்ந்தார்.

செருப்புக்கடைக்காரர் வந்து உலுக்கியபோதுதான் விழித்தார்.

"அண்ணே, எனக்குப் போச்சு. அந்தம்மா ஃபெயில் போட்டுட்டாங்க."

"ஐயையோ, எதுக்காக?"

"அதை என் வாயால வேற சொல்லணுமா? ஆறு கடை பார்த்தாங்க, ஆறும் அவுட்டு. அடுத்து நீங்கதான்."

அவருடைய பேன்ட் முழங்கால் வரை நனைந்து ஒட்டியிருந்தது. பாவம், பயத்தில் மனுஷனுக்கு இப்படியா வேர்க்கும் என்று நினைத்துக்கொண்டு எதுக்கும்காரர் முன்பக்கம் ஓடினார். தெருமுனையில் நகராட்சியின் தண்ணீர் லாரி நின்றிருந்தது. வெயிலில் செடிகளுக்கு ஊற்றுகிறார்கள் போலும்.

சுவரைத் தாண்டிக் கடைக்குள் கால் வைத்தார். 'தொபுக்'கென்றது.

தெரு காய்ந்து கிடந்தது. கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர்! படிக்கட்டில் அருவி இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது.

"மோட்டாரை நிறுத்துங்க!" என்று வாசலிலிருந்து கத்தினாள் மனைவி.

சுவிட்ச் கூரைக்குப் பக்கத்தில் இருந்தது. ஸ்டூலைத் தேடினார். மேசையருகே ஒய்யாரமாக மிதந்துகொண்டிருந்தது. பிடித்து ஏறினார், வழுக்கியது. மறுபடி ஏறினார், குப்புற விழுந்தார். மனைவி தலையில் அடித்துக்கொண்டு, ஒட்டடைக் குச்சியை எடுத்து ஒரே தட்டில் சுவிட்சை அணைத்தாள்.

"சுவத்தை உடைச்சுத் தண்ணியை வெளிய விடுங்க, சீக்கிரம்!"

எதுக்கும்காரர் சுத்தியலை ஓங்கினார்.

"அப்படியே நில்லுங்க!"

ஆய்வாளர் அம்மா கையில் அட்டையோடு தெருவில் நின்றிருந்தார். பின்னால் லாரி டிரைவர்.

"மேடம், இது வெள்ளம் இல்ல... வெயிலுக்காக... மெத்தை மாடியில பத்திரமா இருக்கு..." எதுக்கும்காரருக்கு நாக்குக் குழறியது. மச்சானின் குடோன் கண்முன் வந்து நின்றது.

அந்த அம்மா குனிந்தார். சுவரின் வெளிப்பக்கத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரலால் தடவினார். விரலைப் பார்த்தார். ஏதோ எழுதி, கிழித்து நீட்டினார். எதுக்கும்காரருக்கு அதைப் பார்க்கத் தைரியமில்லை. மனைவிதான் வாங்கிப் படித்தாள்.

"ஏங்க... பாஸ்னு போட்டிருக்கு!"

"பாஸா? எதுல?"

லாரி டிரைவர் தலையைச் சொறிந்தார். "அப்போ என் லாரித் தண்ணியை என்ன பண்றது மேடம்? ஆறு கடைச் சுவத்துலயும் நாமதான் பீய்ச்சி அடிச்சுப் பார்த்தோம், ஆறும் ஒழுகுச்சு. இந்த அண்ணன் ஒருத்தர்தான் நாம வர்றதுக்குள்ள, தானே உள்ளேருந்து ரொப்பி டெஸ்ட் பண்ணி வெச்சிருக்காரு!"