பரமானந்தத்துக்கு ஏற்ற ஊர்

இந்தத் திங்கட்கிழமையும் பரமானந்தத்தின் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு விழுந்துவிட்டது.

கொடைக்கானலில் ஓர் அரசாங்க ஆபீசில் அவர் ஹெட் கிளார்க். பத்து மணிக்கு ஆபீஸ். பத்தே கால் ஆனதும் சூப்பரிண்டெண்ட் வேலப்பன் வருகைப் பதிவேட்டைத் தன் மேஜைக்கு வரவழைத்து, சிவப்பு மைப் பேனாவைத் திறந்துவிடுவார். மூன்று கோடு சேர்ந்தால் ஒரு நாள் லீவு போச்சு. இந்த வகையில், அறுபத்தொன்றாம் வருஷத்து லீவில் முக்கால்வாசியை அக்டோபருக்குள் தீர்த்திருந்தார் பரமானந்தம். ஒரு நாள்கூட லீவு எடுக்காமல்.

குடும்பம் மதுரையில் இருந்தது. ஞானஒளிவுபுரத்தில் குழாய்த் தண்ணீரும் காற்றும் உள்ள வீடு. மனைவி ஜோசப்பின், ஆறாம் வகுப்புப் படிக்கும் லீலா, அவளுக்குப் பின் வெகு நாள் கழித்துப் பிறந்த மூன்று வயதுச் சின்னவள். பரமானந்தம் வாரம் முழுக்க மலையில் ஒரு லாட்ஜ் அறையில் கிடப்பார். ஞாயிறு காலைப் பூசை முடிந்து ஒன்பதே கால் பஸ்ஸைப் பிடித்தால் ஒன்றரை மணிக்கு மதுரை. மறுநாள் காலை ஐந்து மணிக்கு மேலே ஏறும் முதல் பஸ். அது எல்லாம் சரியாக இருந்தால் பத்து மணிக்குக் கொடைக்கானலை அடையும். எல்லாம் சரியாக இருந்த திங்கட்கிழமை என்று ஒன்று இன்னும் வரவில்லை.

சிவப்புக் கோட்டையாவது பொறுத்துக்கொண்டிருப்பார். போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் செருப்பைக் கழற்றும்போது சின்னவள் ஓடி வந்து, "வாங்க, உக்காருங்க, அம்மா உள்ள இருக்காங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மனக்குறையை அவர் சொல்லி அழுவது டிரைவர் சேனாதிபதியிடம். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை ஓட்டுகிறவர் அவர். டிரைவருக்குப் பின் சீட்டு பரமானந்தத்துக்கு நிரந்தரம். சேனாதிபதி ஒரு தடவை பேரிக்காய் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஞானஒளிவுபுரம் வரைக்கும் வந்து, ஜோசப்பின் கையால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டும் போயிருக்கிறார். நல்ல மனிதர். பரமானந்தத்தின் கஷ்டத்தைத் தன் கஷ்டமாக நினைக்கிற சுபாவம்.

"குடும்பத்தை மேலயே கொண்டு வந்துருங்க சார்," என்றார் சேனாதிபதி. "மதுரையில அம்புட்டுப் பெரிய வீட்டை வச்சுக்கிட்டு, நீங்க ஒரு பக்கம், அவங்க ஒரு பக்கம். பாவம்ல."

பரமானந்தம் நவம்பரில் கொடைக்கானலிலேயே ஒரு வீடு பிடித்தார். சீசனுக்கு ஆள் வரும், ஏப்ரல் பிறந்தால் காலி செய்துவிட வேண்டும் என்பது வீட்டுக்காரரின் ஒரே நிபந்தனை. அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஜோசப்பினையும் பிள்ளைகளையும் ஒரு வாரம் இருந்து பார்க்க அழைத்து வந்தார்.

மூன்றாம் நாள் ஜோசப்பினுக்கு இரைப்பு கண்டது. மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு போக மறுத்தது. துவைத்த துணி ஆறு நாளாகியும் காயவில்லை. கரி அடுப்பின் மேல் கொடி கட்டிக் காயவைத்ததில் லீலாவின் பள்ளிக்கூடப் பாவாடை பாதி எரிந்தது. ஏழாம் நாள் காலையில் ஜோசப்பின் பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் வேற ஒண்ணும் கேக்கலைங்க. மூச்சு மட்டும் விடணும்."

அடுத்த யோசனை பரமானந்தத்துக்குச் சொந்தமாகவே உதித்தது. ஆபீஸ் சுவரில் ஜில்லா மேப் ஒன்று தொங்கியது. ஒரு மத்தியானம் அதன்மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். கொடைக்கானலுக்கும் பழனிக்கும் சரியாகப் பதினைந்து மைல். இத்தனை வருஷம் இது தெரியாமல் போயிற்றே என்று தன்னையே நொந்துகொண்டார்.

சேனாதிபதியிடம் பழனியைப் பற்றி விசாரித்தார். தண்ணீர் உண்டு, ரயில் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, அருமையான ஊர் சார், தாமசிக்காமல் வீட்டைப் பிடியுங்கள் என்றார் சேனாதிபதி.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரையில் இறங்கிய கையோடு ரயிலேறிப் பரமானந்தம் பழனிக்குப் போனார். பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த ஞானவேல் என்பவரின் மாடி வீடு பிடித்துப்போயிற்று. முன்பணம் கொடுத்துவிட்டு அன்றைக்கு அங்கேயே தங்கினார். காலையில் குளித்து, தலை சீவி, சாவகாசமாகக் கீழே இறங்கி, கொடைக்கானல் பஸ் எங்கே நிற்கும் என்று ஞானவேலைக் கேட்டார்.

ஞானவேல் தெற்கே மலையைக் காட்டினார்.

"அந்தா தெரியுதுல்ல, அதுதான் கொடைக்கானல் மலை. நல்லாத் தெரியும். போறதுக்குத்தான் ரோடு கெடையாது."

சுமை தூக்குகிறவர்கள் ஏறும் ஒற்றையடிப் பாதை உண்டாம். பஸ்ஸில்தான் போக வேண்டுமென்றால் திண்டுக்கல் போய், அங்கிருந்து வத்தலக்குண்டு போய், அங்கிருந்து மலையேற வேண்டுமாம். பூசத்துக்குக் காவடி எடுத்துவிட்டுத் திரும்புகிற கூட்டத்தில் நசுங்கி, மூன்று பஸ் மாறி, மாலை நாலு மணிக்கு ஆபீஸ் படியேறினார் பரமானந்தம். வேலப்பன் பதிவேட்டை மெதுவாக நகர்த்தி வைத்தார்.

"இன்னிக்கு வந்ததுக்குக் கையெழுத்தா சார், இல்ல, நாளைக்கு வர்றதுக்கா?"

முன்பணத்தைத் திருப்பித்தர ஞானவேலுக்கு மனம் வரவில்லை. அதற்கு ஈடாகப் பஞ்சாமிர்தமாகக் கொடுத்தார். ஞானஒளிவுபுரம் வீட்டில் இரண்டு மாதம் இட்லிக்குப் பஞ்சாமிர்தம், சப்பாத்திக்குப் பஞ்சாமிர்தம். எறும்பு அடுக்களையிலிருந்து புறப்பட்டுக் கட்டில் வரைக்கும் வந்தது. அந்தப் பேச்சை எடுத்தாலே ஜோசப்பின் எழுந்து போய்விடுவாள்.

மறு ஞாயிற்றுக்கிழமை பரமானந்தம் சேனாதிபதியிடம் கொஞ்சம் சூடாகவே பேசினார். சேனாதிபதி கோபித்துக்கொள்ளவில்லை. வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"நீங்க ஊரு எப்படின்னுதான் சார் கேட்டீங்க. ரோடு எப்படின்னு கேக்கலையே."

அது நியாயமாகத்தான் பட்டது. மலைக்கு நேர் கீழே இருக்கிற வத்தலக்குண்டை அடுத்தபடியாகச் சொன்னதும் சேனாதிபதிதான். இந்தத் தடவை பரமானந்தம் உஷாராக இருந்தார். குடும்பத்தைக் கொண்டுபோகுமுன் தான் மட்டும் இரண்டு வாரம் அங்கே தங்கிப் பார்ப்பதென்று முடிவு செய்தார்.

முதல் நாள் காலையில் மதுரையிலிருந்து வந்த பஸ் நிறைந்து வந்தது. மலைப்பாதையில் நின்றுகொண்டு வரக் கூடாது என்று கண்டக்டர் இறக்கிவிட்டார். இரண்டாம் நாள் பஸ்ஸும் அப்படியே. இரண்டு சிவப்புக் கோடு. மூன்றாம் நாள், மலைமேல் கவுஞ்சி கிராமத்திலிருந்து பூண்டு ஏற்றி வந்து வெறுமையாகத் திரும்பும் லாரி ஒன்று கண்ணில் பட்டது. லாரிக்காரர் சின்னக்கருப்பன் பெரிய மனது பண்ணி, பின்னால் காலிச் சாக்குகளின் மேல் உட்காரச் சொன்னார். ஒன்பதரை மணிக்கே பரமானந்தம் ஆபீசில் இருந்தார்.

ஆனால் அவரோடு பூண்டும் இருந்தது. பதினொரு மணிக்குள் ஆபீஸ் முழுக்க அந்த வாசனை. மனு கொடுக்க வந்த ஒருவர் விதைப்பூண்டு இங்கேதான் கொடுக்கிறார்களா என்று கேட்டார். வேலப்பன் தன் மேஜையை வராந்தாவுக்கு மாற்றிக்கொண்டார். குளிக்காமல் வந்தது போல எல்லோரும் பார்த்தார்கள். பரமானந்தமோ தினமும் இரண்டு வேளை குளித்துக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் குளிருக்கு இரண்டு சாக்கைப் போர்த்திக்கொண்டவர் அப்படியே தூங்கிப்போனார். பின்னால் ஆள் இருப்பதைச் சின்னக்கருப்பன் மறந்துபோனார். பரமானந்தம் கண் விழித்தபோது லாரி நின்றிருந்தது. சுற்றிலும் படிப்படியாகப் பூண்டு வயல். வயலில் நின்ற பெண்கள் சாக்குக்குள்ளிருந்து கோட்டும் டையும் எழுந்து வருவதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். கொடைக்கானலைத் தாண்டி இருபது மைலுக்கு மேல் வந்து கவுஞ்சியில் இருந்தார் அவர். மணி பன்னிரண்டு.

அந்த வாரம் ஜோசப்பினிடமிருந்து ஒரு கார்டு வந்தது. நலம் நலமறிய அவா என்றெல்லாம் இல்லை. சின்னவள் தபால்காரரை மாமா என்றும் அப்பாவை சார் என்றும் சொல்லிப் பழகிவிட்டாள் என்றும், ஒன்று ஒரு ஊரைப் பார்க்கும்படியும், இல்லையென்றால் ஊர் பார்ப்பதை நிறுத்தும்படியும் எழுதியிருந்தாள்.

கார்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறியவர், பெருமாள்மலை தாண்டும்வரை அதை எடுப்பதும் மடிப்பதுமாக இருந்தார். சேனாதிபதியே பேச்சை ஆரம்பித்தார். வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொல்வது போல இருந்தது குரல்.

"பேசாம எங்க ஊருக்கு வந்துருங்க சார். பண்ணைக்காடு. குளிரும் இல்ல, வெக்கையும் இல்ல. இந்த வண்டியே ராத்திரி எங்க வீட்டு வாசல்லதான் நிக்குது. வெள்ளனே ஏழு மணிக்கு எடுத்தா எட்டே முக்காலுக்குக் கொடைக்கானலு. சாயங்காலமும் இதே வண்டிதான் திரும்புது."

பரமானந்தம் சீட்டின் நுனிக்கு வந்தார். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொந்த ஊரை நாமளே பெருமையாச் சொல்லப்படாதுல்ல சார்," என்றார் சேனாதிபதி.

ஏப்ரலில் ஜோசப்பினை அழைத்துப்போய்க் காட்டினார். காப்பித் தோட்டத்துக் காற்றில் அவள் நன்றாக மூச்சு விட்டாள். சேனாதிபதியின் மனைவி சிவபாக்கியம் காப்பி கொடுத்து, பக்கத்தில் உட்கார்த்தி வைத்து, மதுரை வீட்டைப் பற்றியும் தெருவைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள். இப்படிப் பிரியமாகப் பேசுகிற ஜனங்கள் இருக்கிற ஊரில் கண்ணை மூடிக்கொண்டு குடியேறலாம் என்று ஜோசப்பினே சொன்னாள். அடுத்த தெருவில் வீடும் அமைந்தது.

மே மாதம் லீலாவுக்குப் பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கினார்கள். மதுரை வீட்டுக்காரரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அவர் ஒரு வார்த்தை இருந்து போகலாமே என்று கேட்கவில்லை. என்றைக்குச் சாவி தருவீர்கள் என்றுதான் கேட்டார். பன்னிரண்டு வருஷம் குடியிருந்தவருக்கு அது கொஞ்சம் வருத்தமாக இருந்தது. சாமான் லாரி மலைப்பாதையில் ஊத்து என்ற ஊருக்குப் பக்கத்தில் ஆக்ஸில் ஒடிந்து நின்றது. ஜோசப்பின் சாலையோரத்தில் ஆட்டுக்கல்லின் மேல் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பீரோ புது வீட்டு வாசலில் நுழையவில்லை. ஜன்னலைப் பெயர்த்து அந்த வழியாக இறக்கினார்கள். ஜன்னலைத் திரும்ப வைத்தபோது அது மூட மறுத்தது. ஜோசப்பின் அதில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டாள்.

ஆனால் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு பஸ் கிளம்பியது. எட்டே முக்காலுக்குக் கொடைக்கானல். ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பரமானந்தத்தை வேலப்பன் பார்த்தார், பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார். அந்த வாரம் முழுக்கச் சிவப்பு மைப் பேனா மூடியே கிடந்தது. தினமும் பிள்ளைகள் தூங்குமுன் வீடு. வியாழக்கிழமை சின்னவள் யாரும் சொல்லிக்கொடுக்காமல், "அப்பா வந்தாச்சு," என்றாள். பரமானந்தம் முகம் கழுவப் போவதாகச் சொல்லிவிட்டுக் கொல்லையில் கொஞ்ச நேரம் நின்றார். ஞாயிற்றுக்கிழமை, பல வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக, எந்த பஸ்ஸும் ஏறாமல் மத்தியானம் வரை படுத்துக் கிடந்தார்.

மறுநாள் ஆறே முக்காலுக்கு டிபன் பாக்ஸோடு சேனாதிபதி வீட்டுக்கு வந்தார். வாசலில் பஸ் இல்லை. பஸ் நிற்கிற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. வீடு பூட்டிக் கிடந்தது.

எதிரே டீக்கடைக்காரர் பொன்னுச்சாமி அடுப்பை விசிறிக்கொண்டிருந்தார். மகள் பிரசவத்துக்காக மன்னவனூரில் இருந்துவிட்டு முந்தாநாள்தான் வந்து கடை திறந்தவர். அவருக்கு இவரைத் தெரியாது. பஸ் எங்கே என்று பரமானந்தம் கேட்டார்.

"இனிமே வண்டி மதுரையிலதான் சார் ராத் தங்கும். டிரைவரு எங்க குடியிருக்காரோ, அங்கதான வண்டியை நிறுத்துவாங்க. மதுரையில இருந்து ஏறி, இங்க வர்றதுக்குப் பன்னெண்டு மணி ஆயிரும்."

பரமானந்தம் பெஞ்சில் உட்கார்ந்தார். வேறு பஸ் உண்டா என்று கேட்டார். இல்லை. சேனாதிபதி எப்போது போனார் என்று கேட்டார். நேற்றுத்தான் குடும்பத்தோடு சாமான் ஏற்றிப் போனார்களாம். பிள்ளைகளின் படிப்புக்காகச் சிவபாக்கியம் ஒரு வருஷமாக மதுரை மதுரை என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தாளாம்.

கடைசியாக ஒன்று கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கேட்டுவிட்டார்.

"மதுரையில வீடு கெடைக்கிறது கஷ்டமாச்சே. எப்படிக் கெடைச்சுது?"

பொன்னுச்சாமி டீயை ஆற்றி அவர் கையில் கொடுத்தார்.

"ஞானஒளிவுபுரத்துல ஒரு ஹெட் கிளார்க்கு வீடு சார். அந்த ஆளைக் கெளப்புறதுக்குக் கொடைக்கானலச் சொல்லி, பழனியச் சொல்லி, வத்தலக்குண்டச் சொல்லி, எதுவும் ஒட்டலையாம். கடைசியில எங்க ஊரையே தூக்கிக் குடுக்க வேண்டியதாப் போச்சுன்னு சேனாதிபதி ரொம்ப அலுத்துக்கிட்டாரு."